பாலாற்றின் பாக்கி

மாதம் நூற்று நான்கு ரூபாய்.

பாலாற்றங்கரையில் தோல் கழிவால் நிலமும் கிணறும் கெட்டுப்போனவர்களுக்கு ஒரு ஆணையம் நிர்ணயித்த இழப்பீட்டைத் தலைக்கு, மாதத்துக்கு என்று பிரித்தால் சராசரியாக இவ்வளவுதான் வருகிறது. உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் அமைந்த சூழலியல் இழப்பு ஆணையம் 2001 மார்ச் 7 அன்று தன் தீர்வத்தை அறிவித்தது. மொத்தம் 26 கோடியே 82 லட்சம் ரூபாய். பெற வேண்டியவர்கள் 29,193 பேர். கட்ட வேண்டியவை 547 தோல் தொழிற்சாலைகள். கணக்கில் கொண்ட காலம் 1991 ஆகஸ்ட் 12 முதல் 1998 டிசம்பர் 31 வரை, அதாவது ஏழு ஆண்டு நாலரை மாதம். ஆளுக்கு 9,200 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. தொழிற்சாலைப் பக்கமிருந்து பார்த்தால், ஒன்றுக்குச் சராசரியாக ஐந்து லட்சத்துக்கும் கீழே.

இந்தச் சொற்பப் பணமாவது உரியவர்கள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததா? 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலாவும் ஆர். மகாதேவனும் வழங்கிய தீர்ப்பில் ஒரு உத்தரவு இருக்கிறது: இதுவரை இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் தமிழக அரசு கொடுத்துவிட வேண்டும். தொகையை நிர்ணயித்து 24 ஆண்டுகள் ஆன பிறகு இப்படி ஒரு உத்தரவு தேவைப்பட்டிருக்கிறது.

ரசாயனக் கழிவால் கேடு விளைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இந்தியச் சட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. பல பணக்கார நாடுகளின் சட்டத்தைவிடக் கறாரான பதில் அது. ஆனாலும் பாலாற்றிலிருந்து போபால் வரை எந்த வழக்கைத் தொட்டாலும் முன்னால் வந்து நிற்பது வேறொரு கேள்வி. பணம் வந்து சேரும்வரை காத்திருப்பது யார்? இதுநாள் வரை கெட்டவன்தான் காத்திருந்தான், கெடுத்தவன் அல்ல. 2025 தீர்ப்பு மாற்றப் பார்ப்பது இதைத்தான் என்பதால், அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

குரோமும் உப்பும்

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, வாலாஜா என்று வரும் பாலாறு பெரும்பாலான மாதங்களில் வெறும் மணல்வெளி. ஆனால் மணலுக்கடியில் நீர் ஓடும். ஊற்றுக்கால்வாய் வெட்டி அந்த நீரை வயலுக்குக் கொண்டுபோனது இந்தப் பகுதியின் பழைய வேளாண் அறிவு. அடியில் ஓடும் நீரை நம்பிய ஊர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. மேலே கொட்டியது எப்போது கீழே போய்ச் சேர்ந்தது என்பது கிணற்றுத் தண்ணீர் வாயில் கரிக்கும்வரை தெரியாது.

தோல் பதனிடும் முறையைத் தெரிந்துகொண்டால்தான் கெடுதியின் அளவு புரியும். அறுத்த தோல் அழுகாமலிருக்க உப்புத் தடவித்தான் தொழிற்சாலைக்கு வருகிறது. முதல் வேலை ஊறவைத்து அந்த உப்பை அலசுவது. அடுத்து சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு மயிரைக் கழிப்பது. அதற்குப் பிறகுதான் பதனிடுதல். ஆவாரம் பட்டை, கடுக்காய் என்று மரச்சாற்றில் வாரக்கணக்கில் ஊறிய காலம் ஒன்று இருந்தது. குரோமியம் சல்பேட் வந்த பிறகு வேலை ஒரு நாளில் முடிகிறது. சுழலும் உருளைக்குள்ளிருந்து தோல் வெளிர்நீலமாக வெளியே வருகிறது. தொழிலில் அதற்கு 'வெட் புளூ' என்று பெயர். போட்ட குரோமியம் அத்தனையும் தோலில் ஏறிவிடாது. வழக்கமான முறையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேல் கழிவுநீரோடு போய்விடும். ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், குரோம் முறையில் 170 வகை ரசாயனங்கள் பயன்படுகின்றன என்றும் பாலாற்று மாசுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது.

குரோமியம் என்றதும் எல்லோருக்கும் பயம் வருகிறது. பத்திரிகைகளும் அதையே எழுதுகின்றன. நிலத்தைக் கொன்றதில் பெரும்பங்கு எளிய உப்புக்கு என்பதே என் கணிப்பு. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தபோது அவை குரோமியத்தையும் அழுகும் கழிவையும் ஓரளவு பிரித்தெடுத்தன. கரைந்த உப்பை நுண்ணுயிர்களால் தின்ன முடியாது. லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரம்பு வைத்திருந்தாலும், உப்பை நீக்க சவ்வூடு பரவல் கருவியும், நீரை ஆவியாக்கும் கொப்பரைகளும், அவற்றுக்கு மின்சாரமும் வேண்டும். செலவு அங்கேதான் எகிறுகிறது. சுத்திகரித்ததாகச் சொல்லி விட்ட தண்ணீரிலும் உப்பு அப்படியே போனது. தென்னை காய்ப்பு குறைந்தது, நெல் முளைக்க மறுத்தது. வாங்க ஆளில்லாத நிலத்துக்கு வங்கி கடன் கொடுக்காது.

1996 தீர்ப்பில் மேற்கோள் காட்டப்பட்ட மதிப்பீட்டின்படி, தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போன நிலம் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர். திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் எடுத்த கணக்கில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன.

யாருடைய குரோம்?

ஒரு விவசாயி வழக்குப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். என் கிணறு கெட்டுவிட்டது, இழப்பீடு வேண்டும் என்கிறார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து கேட்பார்: எந்தத் தொழிற்சாலையின் குரோம்? ஆற்றுக்கு மேலே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எந்த வருஷம் விட்டது? மணல் அள்ளியதால் நீர்மட்டம் இறங்கி உப்பு ஏறியிருக்கலாமே? மேலே கட்டிய தடுப்பணைகளால் ஆறு வற்றியதற்கு என் கட்சிக்காரர் எப்படிப் பொறுப்பு? நீங்கள் போட்ட உரத்தில் உப்பு இல்லையா?

இவற்றில் சில நியாயமான கேள்விகளும்கூட. பாலாற்றில் மணல் கொள்ளை நடக்கவில்லை என்று யாரால் சொல்ல முடியும்? பழைய உரிமையியல் சட்டம் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லும் சுமையை வாதியின் தலையில்தான் வைத்திருந்தது. அந்தச் சுமை கைமாறிய கதை பாலாற்றுக்கு வெளியே தொடங்குகிறது.

1868இல் இங்கிலாந்தில் ஒரு தீர்ப்பு. ஜான் ரைலண்ட்ஸ் என்ற ஆலை முதலாளி கட்டிய நீர்த்தேக்கம் உடைந்து, பிளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ரைலண்ட்ஸ் தரப்பில் கவனக்குறைவு உண்டா இல்லையா என்பது முக்கியமில்லை, ஆபத்தானதைத் தன் நிலத்தில் கொண்டுவந்து வைத்தவர்தான் பொறுப்பு என்றார்கள். நல்ல விதி. கூடவே தப்பித்துக்கொள்ளும் வாசல்களும் இருந்தன. தெய்வச் செயல், மூன்றாம் ஆளின் வேலை, வாதியின் சம்மதம், இப்படி. நூறாண்டுக்கு மேலாக நாமும் அந்த வாசல்களோடுதான் குடித்தனம் நடத்தினோம்.

போபாலில் 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு மெத்தில் ஐசோசயனேட் கசிந்தது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 1985 டிசம்பர் 4 அன்று, டெல்லியில் ஸ்ரீராம் உரத் தொழிற்சாலையில் ஓலியம் கசிந்து ஒரு வழக்கறிஞர் இறந்தார். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அரசியல் சாசன அமர்வு 1986 டிசம்பர் 20 அன்று தீர்ப்பளித்தது. அன்று அவர் பணி ஓய்வு பெறும் நாள். ஆபத்தான தொழில் நடத்துகிறவர் அதன் விளைவுக்கு முழுப் பொறுப்பு; ரைலண்ட்ஸ் வழக்கின் விதிவிலக்குகள் எதுவும் இங்கே செல்லாது; இழப்பீடு நிறுவனத்தின் பருமனுக்கும் சக்திக்கும் ஏற்ப இருக்க வேண்டும், பெரிய நிறுவனம் என்றால் பெரிய தொகை. பிரிட்டனில்கூட இவ்வளவு தூரம் போகவில்லை.

சட்டக் கல்லூரிகளில் இந்தத் தீர்ப்பைக் கொண்டாடிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கொண்டாட்டத்தில் அதிகம் சொல்லப்படாத ஒரு சங்கதி உண்டு. அந்த வழக்கில் பாதிக்கப்பட்ட யாருக்கும் நீதிமன்றம் நேரடியாக ஒரு ரூபாய்கூட வழங்கவில்லை. அவர்கள் சார்பில் உரிய நீதிமன்றத்தில் தனித்தனியாக வழக்குத் தொடரும்படி டெல்லி சட்ட உதவி வாரியத்திடம் சொல்லிவிட்டு முடித்துக்கொண்டது. மகத்தான கோட்பாடு பிறந்த அதே இடத்தில் காத்திருப்பும் பிறந்துவிட்டது.

போபாலுக்கும் அந்தக் கோட்பாடு உதவவில்லை. 1989 பிப்ரவரி 14 அன்று 47 கோடி டாலருக்கு சமரசம் ஆனது. கூடுதலாக 7,844 கோடி ரூபாய் கேட்டு மத்திய அரசு போட்ட சீராய்வு மனுவை 2023 மார்ச்சில் அரசியல் சாசன அமர்வு தள்ளுபடி செய்தது. ஆலை வளாகத்தில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு ஊரைவிட்டு நகர்ந்தது 2025 ஜனவரியில்.

பிச்ரி பாடம்

பாலாற்று வழக்கைப் புரிந்துகொள்ள போபாலைவிட உதவியான ஊர் ராஜஸ்தானில் இருக்கிறது. உதயப்பூருக்கு அருகே பிச்ரி. 1980களின் இறுதியில் அங்கே ஹெச் ஆசிட் என்ற சாயப் பொருளைத் தயாரித்த ஆலைகள் ஏறத்தாழ 2,440 டன் சகதியைத் திறந்த வெளியில் கொட்டின. மழையில் கரைந்து நிலத்தில் இறங்க, சுற்றுவட்டாரத்தில் சுமார் 60 கிணறுகளின் தண்ணீர் பழுப்பாக மாறியது. ஆலைகள் ஓடியதென்னவோ கொஞ்ச காலம்தான்.

1996 பிப்ரவரி 13 அன்று நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு பகவதியின் கோட்பாட்டை உறுதியாகப் பற்றிக்கொண்டது. கெடுத்தவர் கெட்டுப்போனவர்களுக்கு ஈடு கொடுத்தால் மட்டும் போதாது, மண்ணையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது. சீரமைப்புச் செலவு 37 கோடியே 38 லட்சம் ரூபாய் என்று பிறகு நிர்ணயமானது.

பணம் வரவில்லை. மனுமேல் மனுவாகப் போட்டுப் பதினைந்து ஆண்டுகளை ஓட்டினார்கள். 2011 ஜூலை 18 அன்று நீதிபதி தல்வீர் பண்டாரி அமர்வு, 1997 நவம்பர் 4 முதல் 12 சதவீதக் கூட்டு வட்டியோடு தொகையைக் கட்டச் சொன்னது. தாமதத்தால் ஒருவர் லாபம் பார்க்கக் கூடாது என்பது அதன் தர்க்கம். இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் மிகவும் குறைவாகப் பேசப்படும், மிகவும் பயனுள்ள தீர்ப்பு இதுதான் என்பேன். வட்டி இல்லாத பாக்கியைத் திருப்பிக் கொடுக்க யாருக்கு அவசரம்?

வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பு வந்ததும் அதே 1996இல், ஆகஸ்ட் 28 அன்று. 1991இல் தொடுத்த பொதுநல வழக்கு அது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு மூன்று காரியங்களைச் செய்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. என் தொழில் கெடுதல் செய்யவில்லை என்று நிரூபிக்கும் சுமையைத் தொழில் நடத்துகிறவர் தலைக்கு மாற்றியது. கெட்டது எவ்வளவு, கொடுக்க வேண்டியது யார் என்று கணக்கெடுக்க ஒரு ஆணையத்தை அமைக்கச் சொன்னது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. அது அடையாளத்துக்கு.

யாருடைய குரோம் என்ற கேள்வி இந்த ஏற்பாட்டில் தன் விஷத்தை இழந்தது. ஒரு விவசாயி ஒரு தொழிற்சாலையைச் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. கூட்டாகக் கெடுத்தவர்கள் கூட்டாகச் சுமக்கட்டும், யாருக்கு எவ்வளவு என்று ஆணையம் பிரித்துக்கொடுக்கும். நீதிபதி பி. பாஸ்கரன் தலைமையில் அமைந்த ஆணையம் இதைத்தான் செய்தது. வேலூரில் மட்டுமல்ல, நொய்யல் கரையிலும்.

நடுவே ஒரு நொய்யல்

நொய்யலை இங்கே விரிவாகச் சொல்ல இடமில்லை, ஆனாலும் ஒரத்துப்பாளையத்தைத் தாண்டிப் போக முடியாது. 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய அணை. திருப்பூர்ச் சாயக் கழிவு அதில் தேங்கி, அணையைத் திறக்காதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. தண்ணீர் வேண்டாம் என்று பாசன விவசாயிகள் நீதிமன்றம் போன கதை உலகில் எத்தனை இருக்கும்? 2006 டிசம்பர் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம், வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை ஏறும் அபராதம் விதித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிலைநிறுத்தியது. கடைசியில், 2011 ஜனவரி 28 அன்று சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீர் வெளியேற்றாத முறைக்கு ஊர் நகர்ந்தது.

இந்தப் பைசாக் கணக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. தீங்கு நேர்ந்த பிறகு மதிப்பிடுவதை விட்டு, கழிவு ஓடும்போதே மீட்டர் வைத்தார்கள். வேலூரில் அப்படி யாரும் வைக்கவில்லை.

அரசு கொடுக்கட்டும், அரசே வசூலிக்கட்டும்

2025 தீர்ப்புக்கு வருவோம். வழக்குத் தொடுத்தது வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு. பழைய கோட்பாடுகள் எல்லாம் இந்தத் தீர்ப்பிலும் இருக்கின்றன. புதிதாகப் பலம் பெற்றது ஒன்று: அரசு முதலில் தன் பணத்திலிருந்து இழப்பீட்டைக் கொடுக்க வேண்டும், பிறகு தொழிற்சாலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். வசூலுக்குக் கையிலிருக்கும் ஆயுதம் வருவாய் வசூல் சட்டம், 1864ஆம் ஆண்டினது. நிலவரி பாக்கிக்காகக் குடியானவனின் வீட்டை ஜப்தி செய்யப் பிரிட்டிஷ்காரன் போட்ட சட்டம், குடியானவனுக்குச் சேர வேண்டியதை வாங்கித்தரப் பயன்படப் போகிறது. வரலாறு சில சமயம் இப்படிக் குசும்பு பண்ணும்.

கொடு, பிறகு வசூலி என்ற இந்த ஏற்பாடு மோட்டார் விபத்து வழக்குகளில் பழக்கமானது. காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுக்கும், வண்டிக்காரரிடம் பிறகு வாங்கிக்கொள்ளும். அடிபட்டவர் அவர்கள் இருவரின் சண்டை முடியும்வரை நிற்க வேண்டியதில்லை. பாலாற்றிலும் இனி காத்திருப்பு அரசுடையது. தாமதத்தின் வலி தன் கஜானாவில் தெரியும்போது வசூல் அலுவலர் வேகமாக நடப்பார் என்பது எதிர்பார்ப்பு. வசூலிக்காமலே விட்டுவிட்டால்? அப்போது மாசுபடுத்தியவரின் செலவை வரி கட்டும் எல்லோரும் ஏற்றதாகிவிடும். அந்த அபாயம் உண்மையானது. ஆனாலும் முப்பது ஆண்டு காத்திருந்தவரை இன்னும் காத்திருக்கச் சொல்வதைவிட இந்த அபாயத்தை ஏற்பது மேல்.

ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்பது தீர்ப்பின் இன்னொரு உத்தரவு. வழக்கை முடித்து மூட்டை கட்டாமல், நிறைவேற்றத்தைத் தானே கண்காணிக்கும் தொடர் கட்டளையாக நீதிமன்றம் இதை வைத்துக்கொண்டது. எல்லாவற்றையும்விட முக்கியமான வரி வேறொன்று. கெட்டது சரியாகும்வரை கெடுத்தவரின் பொறுப்பு ஓயாது.

தோல் தொழிலுக்கு ஒரு தரப்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியத் தோல் ஏற்றுமதியில் பெரும்பங்கு தமிழ்நாட்டினுடையது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் வேறு எந்தத் தொழிலும் இத்தனை குடும்பங்களுக்குச் சோறு போடவில்லை. பட்டியலில் உள்ள தொழிற்சாலைகளில் பல, பெரிய ஏற்றுமதியாளருக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுப்பவை. தோல் அவர்களுடையது அல்ல, லாபத்தின் பெரும்பகுதியும் அவர்களுடையது அல்ல, கழிவு மட்டும் அவர்களுடையது. ஐரோப்பாவின் பெரிய காலணிக் கடைகளின் விலைச்சீட்டில் பாலாற்றுக்கென்று ஒரு சென்ட் கிடையாது. ஜெர்மனி 2023இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த வழங்குதொடர்ச் சட்டம் அந்நாட்டு நிறுவனங்கள் சரக்கு வாங்கும் இடத்தின் சுற்றுச்சூழலையும் கவனிக்கச் சொல்கிறது. அந்தச் சட்டத்தை மீறினார்கள் என்பதற்காக மட்டும் இழப்பீடு கோர முடியாது என்றும் அதே சட்டம் எழுதி வைத்திருக்கிறது.

இத்தனை நியாயம் இருந்தும், சிறு முதலாளியின் நெருக்கடியை அவரைவிடச் சிறிய விவசாயி ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்விக்குத் தொழில் தரப்பிடம் பதில் இல்லை. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சகதித் தொட்டி உடைந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சகதியில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். கழிவின் செலவை மிச்சம் பிடித்தால் அது யார் தலையிலாவது விழத்தான் செய்கிறது.

சட்டம் எட்டாத இடங்கள்

பாலாற்றுக் கணக்கு நிலத்தைப் பற்றியது. உடம்பைப் பற்றியது அல்ல. நிலம் கெட்டதை அளக்கலாம். தோல் நோய்க்கும் சிறுநீரகக் கோளாறுக்கும் இன்ன ரசாயனம்தான் காரணம் என்று ஒரு மருத்துவர் சாட்சிக் கூண்டில் சத்தியம் செய்வது கடினம். கொடைக்கானலில் இதைப் பார்த்தோம். தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி, 7.4 டன், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது 2001 மார்ச்சில் அம்பலமாக, ஆலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போனது. கழிவின் பொறுப்பு அப்படிப் போய்விட்டது. அங்கே வேலை பார்த்தவர்களின் உடம்பின் பொறுப்பு? 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு ஆலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் ஒப்பந்தம் செய்துகொண்டது. கருணைத் தொகை என்று பெயர். தொகை வெளியே சொல்லப்படவில்லை. பாதரசத்தால் தொழிலாளர்களுக்கு உடல்நலக் கேடு நேரவில்லை என்பதே கம்பெனியின் நிலைப்பாடு. பணம் கை மாறியது, பொறுப்பு என்ற சொல் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. அடுத்த ஆலைத் தொழிலாளிக்கு அந்த வழக்கு ஒரு முன்னுதாரணமாகவும் ஆகவில்லை.

கெடுத்தவரே இல்லாமல் போனால்? ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் கெமிக்கல்ஸ் நிறுவனம் ஏறத்தாழ இருபது ஆண்டு ஓடி 1990களின் நடுவில் மூடியது. அது விட்டுச்சென்ற குரோமியக் கழிவு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டன், திறந்தவெளியில். தோலில் ஏறும் மூன்று இணைதிறன் குரோமியம் அல்ல இது. புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் வகை. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களில் ராணிப்பேட்டையும் இடம்பெற்றது. முழுப் பொறுப்பு என்ற கோட்பாடு பொறுப்பேற்க ஆள் இருந்தால்தான் வேலை செய்யும். மூடிய கம்பெனியின் கதவில் ஒட்டிய நோட்டீஸ் மண்ணைச் சுத்தம் செய்யாது. தொழில் தொடங்கும்போதே வைப்புத்தொகை வாங்கியிருந்தால் இந்தக் குவியலை அகற்ற யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியிருந்திருக்காது.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2010 சட்டத்தால் வந்தது. தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே இழப்பீடு கேட்கலாம் என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. இரண்டு பிரிவு முன்னால் 15இல் போனால், காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் வர வேண்டும் என்கிறது. வாயு கசிந்தால் ஐந்தாண்டு தாராளம். மெல்ல மெல்ல இறங்கும் உப்புக்கும், பதினைந்து ஆண்டு கழித்துத் தெரியும் நோய்க்கும் முதல் நாள் எது?

தண்டனைப் பக்கம் காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் ஐந்தாண்டு வரை சிறை என்று இருந்ததை, 2023ஆம் ஆண்டு ஜன் விஸ்வாஸ் சட்டம் பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் ரூபாய் வரையிலான தண்டத்தொகையாக மாற்றிவிட்டது. தண்ணீர்ச் சட்டத்திலும் 2024இல் இதே போக்கு. பழைய சட்டப்படி ஜெயிலுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டு இந்த மாற்றத்தை ஆதரிப்பவர்கள் உண்டு. வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் உச்சவரம்பு தெரிந்த அபராதம் பெரிய நிறுவனத்துக்கு ஒரு செலவுக் கணக்கு மட்டுமே. பெரிய நிறுவனம் என்றால் பெரிய தொகை என்ற பகவதியின் அளவுகோலுக்கு அங்கே இடமில்லை. இதற்கு ஈடாக, 2025 ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களே சீரமைப்புக்கான இழப்பீட்டை விதிக்கலாம் என்று தீர்ப்பளித்திருக்கிறது. வாரியங்கள் இனிமேல் எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று கை விரிக்க முடியாது.

பாலாற்றில் இப்போது கவனிக்க வேண்டியது ஒரு தேதி. 2001 தீர்வம் 1998 டிசம்பர் 31 அன்று நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் தொழில் நடந்தது, தண்ணீர் கரித்தது. சரியாகும்வரை பொறுப்பு ஓயாது என்று தீர்ப்பு சொன்ன பிறகு, 1999 ஜனவரி 1 முதலான கணக்கையும் யாராவது எடுத்தாக வேண்டும். அதற்கு வேண்டிய சாட்சிகள் எங்கேயும் தொலைந்துவிடவில்லை. கிணற்று நீரின் பரிசோதனை முடிவுகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருக்கும். எந்தத் தொழிற்சாலை எவ்வளவு கழிவு அனுப்பியது என்பது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் பதிவேட்டில் இருக்கும். எந்தச் சர்வே எண்ணில் எந்தப் பசலியில் நெல் நின்றது, எந்தப் பசலியிலிருந்து தரிசு என்று எழுதத் தொடங்கினார்கள் என்பது கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் வருஷவாரியாக இருக்கும். மூன்றும் விவசாயியின் கைக்கு எட்டாத ஏடுகள். அவரிடம் இருப்பது பட்டா மட்டும். குழு முதலில் கேட்டு வாங்க வேண்டியது இந்த மூன்றையும்தான், அதுவும் பழைய தொகையின் கடைசி ரூபாய் பட்டுவாடா ஆகும்வரை பொறுத்திராமல்.